மார்கழிப் பாட்டுக்காக மாற்றிய கோப்பு

எனக்குப் பொறுமை கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். சிங்கப்பூர் போகும் பாலத்தில் மோட்டார்சைக்கிள் வரிசை நகராமல் நின்றால் தலைக்கவசத்துக்குள்ளேயே ஊர் உலகத்தைத் திட்டித் தீர்த்துவிடுவேன். ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு, தினமும் சிங்கப்பூருக்குப் போய், ஒரு கம்பெனியின் லினக்ஸ் கணினிகளைக் கவனிப்பது என் பிழைப்பு. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது ஒன்றுதான். "மிஷின் வேணாம்னு சொன்னா, ஏன் வேணாங்குதுன்னு பாரு. கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாத." நன்றாகத்தான் சொல்வேன். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

என் அக்கா சிகாமட்டில், ஆற்றை ஒட்டிய ஒரு பள்ளமான தாமானில், வரிசை வீடுகள் உள்ள குடியிருப்பில், இருந்தாள். அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். எண்ணெய்ப்பனை ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுவருஷமே பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் வேலை செய்யும். அந்தக் கையால் கட்டில் கம்பியைத் தட்டி அக்காவைக் கூப்பிடுவார். கண்ணும் காதும் கூர்மை. டிவியில் காற்பந்து போட்டால் நமக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும், எவன் உதைக்கப் போகிறான் என்று.

அந்தத் தாமானில் மழைக்காலம் என்றால் எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கும். முன்பு ஒரு தடவை வெள்ளம் வந்தபோது மாமா நல்லபடியாக இருந்தார். அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார். இனி அது நடக்காது. பருத்த உடம்பு. கட்டிலிலிருந்து தூக்கி வாசல் வரை கொண்டுவரவே நான்கு ஆண்கள் வேண்டும். எனக்கு ஜொகூர் பாருவில் தூக்கம் பிடிக்காது. "எங்க வீட்டுக்கு வந்துருங்கக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் மசியவில்லை.

அதனால்தான் சைரன் யோசனை வந்தது. அக்கா வீட்டுக்குப் பின்னால் ஒரு லோங்காங், அந்தச் சாக்கடைக்கு அந்தப் பக்கம் கோயில். கோயில் மேட்டில் இருக்கிறது, வெள்ளம் ஏறாது. நான் கோயில் அலுவலக அறையில் ஒரு பழைய கணினியை வைத்தேன். ஆற்றுப் பாலத்தடியில் நீர்மட்டம் பார்க்கும் ஒரு கருவி. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் கணினி தானாகச் சைரனை அரைமணி நேரம் ஊதும், எனக்கும் கைப்பேசியில் செய்தி அனுப்பும். கோயில் கம்பத்தின் உச்சியில் பெரிய ஹார்ன். சிவப்புக் கோட்டிலிருந்து அக்கா வீட்டு வாசலுக்குத் தண்ணீர் வர ஒன்றரை மணி நேரம் ஆகும். இரண்டு தெரு தள்ளி லோரி பட்டறை இருந்தது. அங்கே வேலை செய்யும் நான்கு பேரிடம் பேசி வைத்திருந்தேன். சைரன் கேட்டதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து மாமாவைத் தூக்க வேண்டும். "கேட்டா போதும்ணே, வந்துருவோம்" என்றார்கள். அவர்கள் வார்த்தை தவறுகிற ஆட்கள் இல்லை.

மாதத்துக்கு ஒரு தடவை ஞாயிற்றுக்கிழமை ஊதிப் பார்ப்போம். முதல் தடவை ஊதியபோது தாமானே வெளியே வந்து நின்றது. நாய்களெல்லாம் ஊளையிட்டன. மாமா படுத்தபடி இடது கையின் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருஷம் மார்கழி பிறப்பதற்கு முந்தைய ஞாயிறு சிகாமட்டுக்குப் போயிருந்தேன். கோயில் தலைவர் என்னைப் பிடித்துக்கொண்டார். மார்கழி மாதம் முழுவதும் விடியற்காலையில் பக்திப் பாட்டு போட வேண்டும். போன வருஷம் ஹார்னில் போட்டு அக்கம்பக்கத்தில் புகார் வந்துவிட்டது.

"வெளிய வேணாம் தம்பி. உள்ள இருக்கிற ஸ்பீக்கர்ல மட்டும், மெதுவா. அதுவா ஆரம்பிக்கணும், அதுவா நிக்கணும். ஜொகூர் பாரு கோயில் ஒண்ணுல ஒருத்தர் இதுக்குன்னு செஞ்சு வச்சிருக்காரு, இந்தா" என்று ஒரு பென்டிரைவைக் கையில் திணித்தார்.

"நாளைக்கு மார்கழி ஒண்ணு. இன்னிக்கு வந்து குடுக்குறீங்களே" என்றேன்.

"அலமாக், உனக்கு இது அஞ்சு நிமிஷ வேலை லா" என்றார்.

ஆறு மணிக்கு எனக்குப் பஸ். மறுநாள் விடியற்காலை பாலத்தைத் தாண்டியாக வேண்டும். மணி நான்கே முக்கால். மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்பு வேறு நடந்துகொண்டிருந்தது. முணுமுணுத்துக்கொண்டே கணினி முன் உட்கார்ந்தேன்.

லினக்ஸில் மென்பொருள் பொதிகளாக வரும். ஒரு பொதிக்குள் பல கோப்புகள் இருக்கும். எந்தக் கோப்பு எந்தப் பொதிக்குச் சொந்தம் என்று கணினி ஒரு பதிவேடு வைத்திருக்கும். ஒரு கோப்புக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான். புதிதாக வருகிற பொதி அதே இடத்தில் அதே பெயரில் இன்னொரு கோப்பைக் கொண்டுவந்தால் கணினி வேலையை நிறுத்திவிடும். அன்றைக்கும் நிறுத்தியது. பாட்டுப் பொதி எழுதப் பார்க்கும் இந்தக் கோப்பு ஏற்கெனவே சைரன் பொதிக்குச் சொந்தமானது, ஆகவே நிறுவ முடியாது என்று திரையில் வந்து நின்றது.

சைரன் பொதியைக் கட்டியவன் நான். அது என்ன கோப்பு என்று எனக்குத் தெரியாதா? சத்தம் எந்த வழியாக வெளியே போக வேண்டும் என்று கணினிக்குச் சொல்கிற கோப்பு அது. நாலே நாலு வரி. என்னுடையதில் கம்பத்து ஹார்னுக்குப் போகச் சொல்லியிருந்தேன். பாட்டுக்காரர் தன்னுடையதில் உள் ஸ்பீக்கருக்குப் போகச் சொல்லியிருந்தார். இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இது ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பழைய கோப்பை வேறு பெயருக்கு நகர்த்தி, சைரனை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லியிருந்தால் இரண்டும் தகராறு இல்லாமல் ஓடியிருக்கும். மொத்தம் கால்மணி நேர வேலை.

நான் திறக்கவில்லை. இரண்டும் சத்தம் போடும் பொதிதானே, கோப்பும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். தலைவர் தோளுக்குப் பின்னால் நின்று "ஆச்சா, ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் ஏறியது. கட்டாயப்படுத்தி மேலே எழுதச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. சிங்கப்பூரில் எவனாவது அதைத் தட்டினால் அவனை நான் சும்மா விட்டதில்லை. அதைத்தான் தட்டினேன். கணினி ஒரு எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டு, சொன்னபடி செய்தது.

சைரனைச் சோதித்துப் பார்க்காமல் நான் கிளம்பவில்லை. கல்யாண வீட்டார் மிரண்டுவிடக் கூடாது என்று ஹார்னின் ஒலியைத் தணித்து வைத்துவிட்டு, இரண்டு விநாடி ஊதவிட்டேன். மெல்லிய சத்தம் வந்தது. தணித்து வைத்திருக்கிறோம், மெல்லியதாகத்தானே வரும்? அது கம்பத்திலிருந்து வருகிறதா, உள்ளே தலைக்கு மேலிருந்து வருகிறதா என்று நான் நின்று கேட்கவில்லை.

"கேக்குது லா" என்றார் தலைவர்.

"கேக்குது" என்றேன் நானும். ஹார்னின் ஒலியை மறுபடி முழுசாக ஏற்றி வைத்துவிட்டு, அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பஸ் பிடிக்க ஓடினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு மனசுக்குள் ஏதோ அரித்தது. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் வருமே, அந்த மாதிரி. அடுத்த வாரம் வந்து அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் கம்பெனியில் ஓவர்டைம் வந்துவிட்டது.

அக்கா போனில் சொன்னாள். "பாட்டு ரொம்ப நல்லா இருக்குடா தம்பி. மெதுவா, காதுக்கு இதமா கேக்குது. மாமாகூட பாட்டு வர்ற நேரத்துக்கு முழிச்சிக்கிறாரு." அக்கா குரலில் இருந்த சந்தோஷத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. வெட்கக்கேடு.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடாமல் கொட்டியது. கைப்பேசியில் வெள்ள எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. வந்துகொண்டே இருந்ததால் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஐந்தாம் நாள் சிகாமட்டில் மழை விட்டு வெயிலே அடித்தது. ஆனால் மேலே எங்கேயோ பெய்த தண்ணீர் ஆற்றில் வந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு மக்சிக், மலாய்க்காரப் பெரியம்மா, மத்தியானம் மகள் வீட்டுக்கு வேனில் கிளம்பினார். அக்காவையும் கூப்பிட்டார். வேனில் வந்தவர்களோடு சேர்த்து நான்கு ஆண்கள் இருந்தார்கள், தூக்கிவிடலாம் என்று சொன்னார்.

அக்கா மறுத்துவிட்டாள். "எங்க தம்பி வச்ச சைரன் இருக்கு மக்சிக். அது இன்னும் அடிக்கல. அடிச்சா போவோம். இவர சும்மா சும்மா தூக்கி அலைக்கழிக்க முடியாது."

அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. சிவப்புக் கோடு, சைரன் தொடங்கியது. பயமாக இருந்தது, ஆனால் கூடவே ஒரு நிம்மதி. அப்பாடா, அடித்துவிட்டது. இந்நேரம் பட்டறை ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மாமாவைத் தூக்குகிற அவசரத்தில் போனை எங்கே எடுப்பாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அரைமணி கழித்து இரண்டாவது செய்தி, சைரன் முடிந்தது. கம்பெனியிலிருந்து கீழே இறங்கிப் போய் ஒரு தே தாரிக் குடித்தேன். அந்த டீயின் இனிப்பு இப்போதும் எனக்கு நாக்கில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் டீ குடிப்பதில்லை.

நான்கு மணிக்குத் தலைவர் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது.

"தம்பி, சைரன் ஏன் அடிக்கல?"

"அடிச்சிச்சே!" என்றேன். "எனக்கு மெசேஜ் வந்துச்சு, அரைமணி நேரம் அடிச்சிச்சே!"

"எங்க அடிச்சிச்சு? ஒரு சத்தம் இல்ல. உங்கக்கா வீட்டுக்குள்ள தண்ணி. பட்டறைப் பசங்க இப்பதான் பார்த்துட்டு ஓடுறாங்க, சந்துல கழுத்தளவு இழுக்குது, உள்ள போக முடியல. பொம்பாவுக்குச் சொல்லியாச்சு, தீயணைப்புப் படகு வருது."

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கோயில் நடை மத்தியானம் பன்னிரண்டுக்குச் சாத்தினால் ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள். உள் ஸ்பீக்கர். நாலு வரிக் கோப்பு. யாரும் சொல்லாமலே எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு விளங்கிவிட்டது. பூட்டிய கோயிலுக்குள் சாமிக்கு மட்டும் அரைமணி நேரம் சைரன் ஊதியிருக்கிறது.

படகு போய்ச் சேர்ந்தபோது அக்கா மார்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். கட்டில் மூழ்கிவிட்டதால் மாமாவைச் சாய்த்து, அவர் தலையைத் தன் தோளில் தூக்கிப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. அவளுடைய விரல்களை அவர் சட்டையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்ததாம். மாமாவுக்கு உயிர் இருந்தது. ஆனால் சேற்றுத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விட்டது. மருத்துவமனையில் பத்தொன்பது நாள் கிடந்தார். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். என்னைப் பார்க்கும்போதெல்லாம் இடது கையைத் தூக்க முயற்சி செய்வார். ஏதோ சொல்ல வருகிறார் என்று தெரியும். என்னவென்று தெரியாது. குனிந்து காதை வைத்தால் மூச்சு மட்டும் கேட்கும். இருபதாம் நாள் காலை போய்விட்டார்.

வெள்ளம் வடிந்ததும் கோயில் அலுவலக அறைக்குப் போனேன். தண்ணீர் மூன்றாம் படியோடு நின்றிருந்தது. கணினி சொட்டு ஈரம் படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நிகழ்வுப் பதிவைத் திறந்தேன். சைரன் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எல்லாம் சரியாக இருந்தது. அதற்கும் மேலே போனால், மார்கழிக்கு முந்தைய ஞாயிறு நான் தட்டிய கட்டளை, என் பயனர் பெயரோடு. அந்தக் கணினி தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது. செய்யாதே என்று என்னிடமும் சொல்லியிருந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து இரண்டு கோப்புகளையும் பிரித்து, இரண்டு பொதிகளும் மோதாமல் சரிசெய்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

தலைவர் வாசலில் நின்று, "ஹார்னுக்குள்ள மழைத் தண்ணி போயிருக்கும் போல தம்பி" என்றார்.

"இருக்கும்" என்றேன். பாவி, அப்படித்தான் சொன்னேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. சுவரில் வெள்ளம் நின்ற கோடு பழுப்பாகத் தெரிந்தது. மாமா படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, சாப்பாடு முடிந்து பெண்கள் அக்காவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். வெள்ளம் வந்த நாளைப் பற்றி யாரோ கேட்டார்கள்.

"நாலு நாள் மழை விட்டு அன்னிக்குத்தான் வெயிலு" என்று அக்கா ஆரம்பித்தாள். "பெட்ஷீட்டெல்லாம் மிஷின்ல போட்டேன். அது பாட்டுக்கு கடமுடன்னு ஓடுது. இவரு கம்பிய தட்டுறாரு. சும்மா இல்ல, விடாம. ஓடி வந்து பார்த்தா, கைய ஜன்னல் பக்கம் நீட்டி கோயிலக் காட்டுறாரு. கண்ணு ரெண்டும் தண்ணியா ஊத்துது. தண்ணி வேணுமான்னேன், இல்ல. படுக்கைய மாத்தணுமான்னேன், இல்ல. கோயிலயே காட்டுறாரு. அப்பறந்தான் புரிஞ்சுச்சு, திருநீறு கேக்குறாருன்னு. எடுத்து நெத்தி நெறைய பூசிவிட்டேன். பூசியும் கைய இறக்கல. என் கைய இறுக்கிப் புடிச்சிக்கிட்டாரு."

கூட்டத்தில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"இன்னொண்ணு சொல்றேன், யாரும் நம்ப மாட்டீங்க" என்று அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நடை சாத்தியிருந்த நேரம். உள்ள ஈ காக்கா இல்ல. ஆனா கோயிலுக்குள்ளேர்ந்து மெல்லிசா சத்தம் வந்துச்சு. சங்கு ஊதுற மாதிரி, நிறுத்தாம. என் காதால கேட்டேன். அவருக்கு முன்னாடியே கேட்டிருக்கு. அவர கூப்பிட வந்த சங்குன்னு எனக்கு அப்ப தெரியல."

பெண்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "புண்ணியவான்மா, எத்தன பேருக்குக் கெடைக்கும்" என்றார் ஒரு பெரியம்மா. அக்காவின் முகத்தில் அப்போது ஒரு தெளிவு வந்தது. மாமா இறந்த பிறகு அவள் முகத்தில் நான் பார்த்த முதல் தெளிவு அது.

மாமாவுக்குக் கேட்டிருக்கிறது. அந்தத் தாமானிலேயே அவர் ஒருவருக்குத்தான் அது என்னவென்று தெரிந்திருக்கிறது. முதல் தடவை சைரன் ஊதியபோது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவர். கோயிலைக் காட்டினார், கம்பியைத் தட்டினார், கையைப் பிடித்தார். மருத்துவமனையில் என்னைப் பார்த்து அந்தக் கையைத் தூக்கியதும் அதற்காகத்தான். தண்ணீர் வாசலுக்கு வர ஒன்றரை மணி நேரம் இருந்தது.

விம்மிவிட்டேன். அக்கா திரும்பிப் பார்த்தாள். எழுந்து என்னிடம் வந்தாள்.

"நீ ஏண்டா இப்படி அழற? சைரன் அடிக்கலன்னா? விடு. மிஷினு, மழையில கெட்டுப்போச்சு. நீ எங்களுக்காக எவ்வளவு செஞ்ச. அவருக்குத் தெரியும்டா அது."

"அக்கா" என்றேன். கோப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தில் அந்தத் தெளிவு இன்னும் இருந்தது.

மாமாவின் படத்துக்கு முன்னால் இருந்த தட்டிலிருந்து திருநீறு எடுத்துக்கொண்டு, "குனி" என்றாள். நான் குனிந்தேன். என் நெற்றி நிறைய பூசிவிட்டாள்.